காற்றால் குளிரும் எஞ்சின்களில் எண்ணெயின் உஷ்ணம்

(இறவைப் பாசனம் செய்யும் குடியானவர்களின் கவனத்திற்கு)

கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள பிரதேசங்களில், கோடைகாலத்தில் எஞ்சின் ஒரு வாரம் நின்றுபோனால் தோட்டத்திற்கு உண்டாகும் நஷ்டம், எஞ்சினைப் பழுதுபார்க்கும் செலவைவிடப் பெரிதாகும். சேலம் ஜில்லாவிலுள்ள பனமரத்துப்பட்டி வட்டாரம் இத்தகைய பிரதேசங்களில் ஒன்று. ஜருகுமலைக்கும் போதமலைக்கும் இடையே அமைந்த இவ்வூர் ஏரி, சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. மழை குறைந்த ஆண்டுகளில் ஏரி வற்றிவிடுவதால், சுற்றுப்புறத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்ந்துவிடுகிறது. இவ்வட்டாரத்தில் அரளியும் பாக்கும் பயிராகின்றன. அரளிச் செடி வறட்சியை ஓரளவு தாங்கும். பாக்கு மரம் தாங்காது. சித்திரை வைகாசி மாதங்களில் பாக்குத் தோட்டம் காய்ந்தால், பல ஆண்டுகள் வளர்த்த மரங்களை ஒரே பருவத்தில் இழக்க நேரிடும்.

இக்காலத்தில் பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார்களே வேலை செய்கின்றன. எனினும், மின்சாரக் கம்பி எட்டாத காடுகளிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும், குட்டையிலிருந்தோ ஓடையிலிருந்தோ நீரை இறைத்துக்கொள்ள வேண்டிய இடங்களிலும் எண்ணெய் எஞ்சின்கள் இன்றும் உதவுகின்றன. அவற்றுள் காற்றால் குளிரும் எஞ்சின்கள் எளிதில் இடம் மாற்றக்கூடியவை; குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லாதவை. ஆகையால் தண்ணீர் அரிதான நாட்டுக்கு அவை மிகவும் ஏற்றவை. ஆனால் அவற்றின் ஆரோக்கியத்தை அறிவதற்கு ஒரு விஷயத்தைத் தவறாமல் கவனிக்க வேண்டும். அதுவே எஞ்சினுக்குள் இருக்கும் மசகு எண்ணெயின் உஷ்ணமாகும். இக்கட்டுரையில் உஷ்ண அளவுகள் யாவும் செண்டிகிரேடு டிகிரிகளில் கூறப்பட்டுள்ளன.

1. எண்ணெயைக் கவனிப்பதன் அவசியம்

கவலை கட்டி இறைத்த காலத்தில், மாடு களைத்தால் அதன் மூச்சும் நுரையும் குடியானவருக்குத் தெரிவித்துவிடும். தண்ணீரால் குளிரும் எஞ்சினும் அத்தகையதே. அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் தண்ணீர் கொதிக்கும், ஆவி கிளம்பும், பத்தடி தூரத்தில் இருப்பவரும் அதைக் கண்டு எஞ்சினை நிறுத்துவர். காற்றால் குளிரும் எஞ்சினில் கொதிப்பதற்கு ஒன்றுமில்லை. சூடு வரம்பு கடந்த பின்னரும் அது முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டு நின்ற பிறகே குற்றம் வெளியாகும். அதற்குள் சிலிண்டர், பிஸ்டன், பேரிங் ஆகிய மூன்றுக்கும் சேதம் வந்துவிடும்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தி முழுவதும் வேலையாக மாறுவதில்லை. தமிழ்நாட்டில் பழக்கமான கிர்லோஸ்கர் டி.ஏ.எப்-1 என்னும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் சிலிண்டர் விட்டம் 87.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர், நிமிஷத்திற்கு 1,500 சுற்றில் அது தரும் சக்தி 4.4 கிலோவாட், அதாவது சுமார் 6 குதிரைச் சக்தி. இத்தகைய எஞ்சின் முழுப் பளுவில் மணிக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் டீசலை எரிக்கும். அதிலுள்ள சக்தி ஏறக்குறைய 13 கிலோவாட்டுக்குச் சமம். பம்பைச் சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்கே. மீதி இரண்டு பங்கும் உஷ்ணமாகிப் புகைக்குழாய் வழியாகவும், சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த்தகடுகள் வழியாகவும், மசகு எண்ணெய் வழியாகவும் வெளியேற வேண்டும். குளிர்த்தகடுகளை மெக்கானிக்குகள் ‘பின்’ என்பர்.

தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று சூட்டை வாங்குவதில் மிகவும் ஏழை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது ஏற்கும் உஷ்ணத்தை, காற்று ஏற்க வேண்டுமானால் சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். மேலும், குளிர்த்தகடுகளை அடையும் காற்று சிலிண்டரின் வெளிப்புறத்தை மட்டுமே தொடுகிறது. பிஸ்டனின் அடிப்புறம், கிராங்க் பேரிங், வால்வுத் தண்டுகள் ஆகியவற்றைக் காற்று தொடுவதில்லை. அங்கெல்லாம் சூட்டை வாங்கி வருவது எண்ணெயே. எனவே மசகு எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு, எஞ்சினின் இரண்டாவது குளிர்விப்பாகவும் அமைகிறது. உலகெங்கும் பேர்பெற்ற ஜெர்மானிய வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் எண்ணெய் குளிரும் கருவியைக் காற்றடிக்கும் விசிறியின் பாதையிலேயே பொருத்தியிருந்தது இதனாலேயே. அந்தக் கார் 2003-ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்டது.

பாரத நாட்டிலும் இவ்வகை எஞ்சினுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி பரீதாபாத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஐஷர் டிராக்டர், இந்நாட்டிலேயே உருவான முதல் டிராக்டர் எனக் கூறப்படுகிறது. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வதே. சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் உருவாகிய என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளும் அவ்வாறே. பழைய ஐஷரையும் புல்லட்டையும் இன்றும் பேணி வைத்திருப்பவர்களுக்கும் இக்கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டும் சிறு மருந்துத் தெளிப்பான் எஞ்சின்களில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. ஆகையால் அவற்றுக்குக் காற்றுப் பாதையைப் பற்றிய பகுதி மட்டுமே பொருந்தும்.

2. சூட்டினால் எண்ணெய் அடையும் மாறுதல்

எண்ணெய் சூடேறச் சூடேற இளகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் எவ்வளவு விரைவில் இளகுகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. பம்புசெட் எஞ்சின்களுக்கு வழக்கமாக ஊற்றும் 40-ஆம் நம்பர் எண்ணெயின் கனத்தை ‘சென்டிஸ்டோக்’ என்னும் அளவில் கூறினால், அது ஏறக்குறைய பின்வருமாறு இருக்கும்:

40 டிகிரியில் – 140
100 டிகிரியில் – 14 முதல் 15 வரை
120 டிகிரியில் – 9
140 டிகிரியில் – 6

அதாவது 100 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்குச் சென்றால், எண்ணெயின் கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பேரிங்கையும் கிராங்க் தண்டையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலமே. அது இளகி மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும். தொட்டால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் சூடு மேலும் ஏறும். சூடு ஏறினால் எண்ணெய் மேலும் இளகும். இந்தச் சுழலில் அகப்பட்ட எஞ்சின் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது தீங்கு மெதுவாக வருவது. சூடான எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கெடுகிறது. உஷ்ணம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இக்கேடு ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் நடக்கிறது என்பது பொது விதி. 100 டிகிரியில் 200 மணி நேரம் நல்ல நிலையில் இருக்கக்கூடிய எண்ணெய், 120 டிகிரியில் 50 மணி நேரத்திலேயே அதே அளவு கெட்டுவிடலாம். கெட்ட எண்ணெய் பிஸ்டன் வளையங்களின் பள்ளங்களில் அரக்குப்போல் படிந்து, வளையங்களை அசையவிடாமல் பற்றிக்கொள்கிறது.

மிகக் குறைந்த சூடும் நல்லதன்று. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி பிஸ்டனைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் போதிய அளவு சூடேறினால் அந்நீர் ஆவியாகிப் போய்விடும். தினமும் 10 நிமிஷம் மட்டும் ஓட்டி நிறுத்தப்படும் எஞ்சினில் அது எண்ணெயிலேயே தங்கி, மோர்போன்ற வெண்ணிறக் கசடாகும். ஆகவே, மார்கழி தை மாதங்களில் நான்கு முறை சிறிது சிறிதாக ஓட்டுவதைவிட, ஒரு முறை முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது எஞ்சினுக்கு நன்மை தரும்.

சாதாரணத் தாது எண்ணெயைப் பயன்படுத்தும் எஞ்சின்களுக்குக் கீழ்க்கண்ட வரம்புகளைப் பொதுவாகக் கொள்ளலாம். எஞ்சின் கம்பெனியாரின் கைப்புத்தகம் வேறு வரம்பு கூறினால் அதையே பின்பற்ற வேண்டும்.

60 டிகிரிக்குக் கீழ் – பளு ஏற்ற இன்னும் காலம் வரவில்லை
80 முதல் 110 வரை – நல்ல நிலை
110 முதல் 120 வரை – கவனித்து வருக
120 முதல் 130 வரை – பளுவைக் குறைத்துக் காரணத்தைத் தேடுக
130-க்கு மேல் – பளுவை நீக்கி, சிறிது ஓடவிட்டு, நிறுத்துக

3. உஷ்ணத்தை அளக்கும் வழிகள்

கையால் தொட்டுப் பார்ப்பது அளவாகாது. 60 டிகிரிக்கு மேற்பட்ட எந்த உலோகத்தையும் கையால் பிடித்திருக்க முடியாது. ஆகவே 80 டிகிரியில் இருக்கும் நல்ல எஞ்சினும் 130 டிகிரியில் இருக்கும் கெட்ட எஞ்சினும் கைக்கு ஒன்றாகவே தோன்றும்.

செலவில்லாத முறை ஒன்று உண்டு. எஞ்சினின் அடியில் எண்ணெய் வடிக்கும் திருகுக்கு அருகேயுள்ள உலோகத்தின்மேல், விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டு அமைதியாக நின்று மெதுவாக உலர்ந்தால் சூடு மிதமானது. உடனே ‘சுரீர்’ என்று பொரிந்து மறைந்தால், வெளியுலோகமே 100 டிகிரியைக் கடந்துவிட்டது. உள்ளேயிருக்கும் எண்ணெய் அதனினும் சூடாக இருக்கும். இச்சோதனையைக் குளிர்த்தகடுகளின்மேல் செய்யலாகாது. அங்கே உஷ்ணம் எப்போதுமே மிகுதி. சூடான சிலிண்டரின்மேல் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அறவே விட்டுவிட வேண்டும், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

சரியான அளவு வேண்டுமானால் உஷ்ணமானி வேண்டும். பழைய புல்லட் வண்டிகளுக்கும் சில எஞ்சின்களுக்கும், எண்ணெய் அளவுக் கம்பியின் தலையிலேயே வட்ட முகமுள்ள உஷ்ணமானி அமைந்த கருவிகள் கிடைக்கின்றன. அல்லது மின்சார வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டரில் ‘தெர்மோகப்பிள்’ என்னும் உஷ்ணக் கம்பியைப் பொருத்தி அளக்கலாம். எஞ்சினை நிறுத்தியவுடன், அளவுக் கம்பியின் துவாரம் வழியாக உஷ்ணக் கம்பியை எண்ணெயில் மூழ்கும்படி இறக்கி, ஒரு நிமிஷத்திற்குள் அளவைக் குறிக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் இவ்வாறு செய்தால் உஷ்ணக் கம்பி கிராங்கில் சிக்கும் அபாயம் உண்டு. கொதிக்கும் எண்ணெயும் மேலே தெறிக்கும்.

தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ உஷ்ணமானியும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பளபளப்பான அலுமினியத்தின்மேல் காட்டினால் அது உண்மைக்கு மிகவும் குறைந்த அளவைக் காட்டும். எண்ணெய்த் தொட்டியின் புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகச் சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை மங்கலாகப் பூசி, எப்போதும் அந்த இடத்தையே அளந்து வந்தால் பிழை பெரிதும் குறையும். எனினும் இது வெளியுலோகத்தின் உஷ்ணமே. உள்ளே எண்ணெய் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும்.

எந்தக் கருவியானாலும் அளக்கும் வேளை முக்கியம். எண்ணெய் மெதுவாகச் சூடேறுவது. நிலையான பளுவில் முக்கால் மணி நேரம் ஓடிய பின்னரே அதன் உஷ்ணம் ஒரு நிலைக்கு வரும். அதற்கு முன் எடுத்த அளவை நம்பி, “எஞ்சின் குளிர்ச்சியாகவே இருக்கிறது” என்று முடிவு செய்யலாகாது.

4. ‘ஏற்றம்’ என்னும் கணக்கு

இப்பகுதி எல்லாவற்றினும் முக்கியமானது. எண்ணெயின் உஷ்ணத்தை மட்டும் தனியே பார்த்தால் எஞ்சினின் நிலை தெரியாது. அன்றைய காற்றின் உஷ்ணத்தையும் நிழலில் அளந்து, எண்ணெயின் உஷ்ணத்திலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதை ‘ஏற்றம்’ எனலாம். பழுதில்லாத எஞ்சினில், ஒரே பளுவில், ஒரே வேகத்தில் இந்த ஏற்றம் காலையிலும் பகலிலும், தையிலும் வைகாசியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காற்று 10 டிகிரி சூடேறினால் எண்ணெயும் சுமார் 10 டிகிரி சூடேறும், அவ்வளவே.

உதாரணமாக, ஒரு குடியானவர் தம் எஞ்சினைப் பின்வருமாறு அளந்ததாகக் கொள்வோம்:

முதல் நாள் காலை – காற்று 28, எண்ணெய் 86, ஏற்றம் 58
முதல் நாள் பகல் – காற்று 39, எண்ணெய் 97, ஏற்றம் 58
பத்தாம் நாள் காலை – காற்று 28, எண்ணெய் 97, ஏற்றம் 69

முதல் நாள் பகலில் எண்ணெய் 97 டிகிரி. பத்தாம் நாள் காலையிலும் அதே 97 டிகிரி. எண்ணெயை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாளாவிருப்பார். ஏற்றத்தைப் பார்ப்பவரோ, முதலாவது வெயிலின் வேலை, இரண்டாவது எஞ்சினின் நோய் என்பதை உடனே அறிவார். பத்தாம் நாள் எஞ்சின் இன்னும் நல்ல வரம்புக்குள்ளேயே இருக்கிறது; நிற்கவுமில்லை, புகையவுமில்லை. ஆயினும் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் அதே எஞ்சினில் எண்ணெய் 109 டிகிரிக்கு வந்துவிடும்; பழுது மேலும் வளர்ந்தால் 120-ஐக் கடக்கும். நோய் முற்றுமுன் அதைக் காட்டிக்கொடுப்பதே இக்கணக்கின் பயன்.

இதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, ஓடிய மணி நேரம், காற்று, எண்ணெய், ஏற்றம், ஊற்றிய எண்ணெயின் அளவு என ஆறு பத்திகள் இட்டு, வாரம் ஒரு முறையும் கோடையில் வாரம் இரு முறையும் எழுதி வர வேண்டும். எஞ்சின் புதிதாகவோ, நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டதாகவோ இருக்கும்போது எடுத்த முதல் சில அளவுகளே அந்த எஞ்சினின் இயல்பான ஏற்றம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் அது வேறுபடும். அடுத்த தோட்டத்து எஞ்சினின் கணக்கு இந்தத் தோட்டத்திற்கு உதவாது.

ஏற்றம் திடீரென்று உயர்ந்தால், காற்றுப் பாதை அடைபட்டது, எண்ணெய் குறைந்தது, அல்லது பளு மாறியது என்று கொள்ளலாம். பல வாரங்களில் சிறிது சிறிதாக உயர்ந்தால், குளிர்த்தகடுகளில் அழுக்குப் படிந்தது, எண்ணெய் பழையதாயிற்று, அல்லது நாசில் கெட்டது என்று கொள்ளலாம். ஏற்றம் குறைவதும் ஒரு செய்தியே. பம்பு காற்றை உறிஞ்சினாலோ, அடி வால்வு அடைபட்டாலோ எஞ்சினுக்குப் பளு குறையும், எண்ணெயும் குளிரும், வாய்க்காலில் தண்ணீரும் குறைந்திருக்கும்.

5. சூடு மிகுவதற்கான காரணங்களும் பரிகாரங்களும்

(அ) காற்றுப் பாதை. எண்ணெய்க் கசிவும் மண் தூசியும் கலந்து குளிர்த்தகடுகளின் இடையே களிபோல் ஒட்டுவதே பெரும்பாலான குற்றங்களுக்கு மூலம். எஞ்சின் ஆறிய பின், மூங்கில் குச்சியாலும் பழைய பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தம் செய்து துடைக்க வேண்டும். விசிறியின் வலையில் சருகும் பதரும் ஒட்டியிருந்தால் அகற்ற வேண்டும். நிலக்கடலை அடிக்கும் களத்தில் ஓடும் எஞ்சினுக்கு இதைத் தினமும் செய்ய வேண்டும். குளிர்த்தகடுகளுக்குக் கனமான பெயிண்டு அடிப்பது கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள தகரக் கவசத்தைக் கழற்றிவிட்டால் காற்று நன்றாகப் படும் என்று எண்ணிச் சிலர் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இது தவறு. விசிறியின் காற்றைச் சிதறவிடாமல் தகடுகளுக்கு இடையே செலுத்துவது அந்தக் கவசமே. அது இல்லாவிட்டால் காற்று எளிதான வழியில் வெளியே போய்விடும். விசிறிக்கு எதிர்ப்புறமுள்ள தகடுகள் காற்றே காணாமல் காயும்.

(ஆ) கொட்டகை. மேற்கூறிய 6 குதிரைச் சக்தி எஞ்சினின் தகடுகளைக் குளிர்விக்க நொடிக்குச் சுமார் 100 லிட்டர் காற்று வேண்டும் என்று கணக்கிடலாம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள கொட்டகையிலுள்ள காற்று முழுவதும் அவ்வாறாயின் நான்கு நிமிஷத்திற்குள் எஞ்சினின் வழியாக ஒரு முறை போய் வந்துவிடும். கதவைச் சாத்தினால் எஞ்சின் தான் விட்ட அனலையே திரும்பத் திரும்ப வாங்கும். ஆகவே சூடான காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரிலுள்ள ஒரு திறப்புக்கு நேராக வைத்து, எஞ்சினுக்கும் திறப்புக்கும் இடையே தகரக் குழல் அமைக்க வேண்டும். குளிர்ந்த காற்று நுழையும் ஜன்னல் எதிர்ப்புறத்தில், நிழலான திசையில், விசிறியின் வாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். புகைக்குழாய் அந்த ஜன்னலுக்கு அருகே போகலாகாது. ஏற்றத்தைக் கணக்கிடும்போது காற்றின் உஷ்ணத்தைக் கொட்டகைக்கு வெளியே ஒரு முறையும், விசிறியின் வாயருகே ஒரு முறையும் அளந்தால், எஞ்சின் எவ்வளவு அனலைத் திரும்ப வாங்குகிறது என்பது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரண பம்பு 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திற்குமேல் நன்றாக உறிஞ்சாது. இதனால், நீர் தாழும்போது கிணற்றுக்குள் திட்டு அமைத்து எஞ்சினையே கீழே இறக்கும் எண்ணம் சிலருக்கு எழுவதுண்டு. கிணற்றுக்குள் எஞ்சின் தன் அனலில் தானே வேகும் என்பது ஒருபுறமிருக்க, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு நிறமும் மணமும் இல்லாமல் கிணற்றில் தேங்கி நின்று, இறங்குபவரின் உயிரைப் போக்கிவிடும். எண்ணெய் எஞ்சினை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் ஓட்டலாகாது.

(இ) பளு. கிணறு வற்றியிருக்கும்போதுதான் எஞ்சினுக்குச் சிரமம் அதிகம் என்பது பொதுவான எண்ணம். சென்ட்ரிபியூகல் பம்பில் உண்மை இதற்கு மாறாகவும் இருக்கும். அதிக உயரத்திற்கு நீரேற்றுவதற்காகச் செய்யப்பட்ட பம்பைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால், அது மிகுதியான நீரைத் தள்ளும். அதற்கேற்ப மிகுதியான சக்தியையும் கேட்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிணறு நிரம்பிய பிறகு எஞ்சின் கரும்புகை விட்டு, வேகம் தளர்ந்து, எண்ணெய் சூடேறுவதற்கு இது ஒரு காரணம். டெலிவரிக் குழாயிலுள்ள வால்வைச் சிறிது மூடினால் பளு குறைந்து புகை தெளியும், ஏற்றமும் இறங்கும்.

வேகத்தை உயர்த்தி அதிக நீர் பெற முயல்வதும் அத்தகையதே. வேகம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் பம்பு கேட்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். எஞ்சின் கம்பெனியார் வைத்துத் தந்த கவர்னரின் முத்திரையைத் தொடாமலிருப்பதே நன்று.

(ஈ) எண்ணெய். அளவுக் கம்பியில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்த எண்ணெய் அடிக்கடி சுற்றி வருவதால், ஆறுவதற்கு நேரமின்றி மேலும் சூடேறும். மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கி, அதனாலும் சூடு மிகும். கைப்புத்தகம் கூறும் நம்பர் எண்ணெயையே ஊற்ற வேண்டும். சூடு மிகுகிறதே என்று மேலும் கனமான எண்ணெயை ஊற்றுவது நோயை விட்டுவிட்டு வலியை மறைப்பதாகும்; கன எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகவே செல்லும்; அதைக் கடைவதிலும் சக்தி வீணாகும். கோடை முழுவதும் ஏற்றம் மிகுந்தே ஓடிய எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் தவணையைப் பாதியாகக் குறைப்பது நலம்.

எண்ணெயை மாற்றும்போது வெதுவெதுப்பாக இருக்கையில் வடிக்க வேண்டும். கொதிக்கும் நிலையில் வடித்தால் கை வெந்துவிடும். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றங்கரையிலோ ஊற்றலாகாது. அது மண்ணில் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். தகர டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

(உ) எரிபொருள். நாசில் தேய்ந்து டீசலைப் பனிபோலத் தூவாமல் ஒழுகவிட்டாலும், டீசல் பாயும் தருணம் பிந்தினாலும், எரிதல் தாமதமாகி வால்வும் புகைக்குழாயும் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். காற்றுப் பாதை, பளு, எண்ணெய் மூன்றும் சரியாயிருந்தும் ஏற்றம் குறையாவிட்டால் மட்டுமே நாசிலை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். முதலிலேயே நாசிலைக் கழற்றுவது வீண் செலவு.

6. ஓட்டும் முறையும் நிறுத்தும் முறையும்

எஞ்சினைக் கிளப்பியவுடன் முழுப் பளுவையும் ஏற்றாமல், டெலிவரி வால்வைக் குறுக்கி வைத்து நான்கைந்து நிமிஷம் ஓட்டிய பின் திறக்க வேண்டும். நிறுத்தும்போதும் அவ்வாறே. முழுப் பளுவில் ஓடும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால், விசிறியும் அதனுடனேயே நின்றுவிடும். சிலிண்டரின் தலைப்பகுதியில் தேங்கிய சூடு வெளியேற வழியின்றி உள்நோக்கிப் பரவி, வளையங்களின் இடையிலுள்ள எண்ணெயைக் கரியாக்கும். ஐந்து நிமிஷம் குறைந்த பளுவில் ஓட்டி நிறுத்துவதற்கு ஆகும் டீசல் மிகச் சொற்பம்.

உஷ்ணமானி 130-க்கு மேல் காட்டும்போதும் இதே முறைதான். பளுவை நீக்கி, எஞ்சின் தடுமாறாமல் ஓடினால் சில நிமிஷம் காற்றுப் பெறவிட்டு நிறுத்த வேண்டும். வேகம் தானாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, உலோகம் உரசும் சப்தம் கேட்டாலோ தாமதியாமல் நிறுத்திவிட வேண்டும். நின்ற எஞ்சினை ஹாண்டில் போட்டு வலிந்து சுழற்றலாகாது. முழுவதும் ஆறிய பின் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, தடையின்றிச் சுழன்றால் மட்டுமே மேற்கொண்டு செய்ய வேண்டியதை யோசிக்கலாம்.

விசிறியில்லாமல் ஓட்டத்தின் காற்றாலேயே குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை, நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுவது கெடுதல். பால் கேன் இறக்கும் வரையில் புல்லட்டை ஓடவிட்டு நிற்பதைவிட நிறுத்திவிடுவதே மேல்.

7. சுருக்கம்

1. காற்றால் குளிரும் எஞ்சின் சூடு மிகுந்ததை வெளியே காட்டாது. எண்ணெயின் உஷ்ணமே அதன் நாடி.
2. முக்கால் மணி நேரம் ஓடிய பின்னரே அளக்க வேண்டும்.
3. எண்ணெயின் உஷ்ணத்திலிருந்து காற்றின் உஷ்ணத்தைக் கழித்து, ஏற்றத்தை எழுதி வர வேண்டும்.
4. ஏற்றம் வழக்கத்தைவிட 10 டிகிரி உயர்ந்தால், எஞ்சின் நன்றாக ஓடுவதாகத் தோன்றினாலும் காரணத்தைத் தேட வேண்டும்.
5. காற்றுப் பாதை, கொட்டகை, பளு, எண்ணெய், எரிபொருள் என்னும் வரிசையில் தேடினால் செலவு குறையும்.
6. எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டலாகாது.

ஓர் உஷ்ணமானியின் விலையும், வாரத்தில் சில நிமிஷ நேரமுமே இதற்கு ஆகும் செலவு. தை மாதத்திலேயே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கி எஞ்சினின் இயல்பான ஏற்றத்தை அறிந்துகொள்பவர், சித்திரை வெயிலில் அதன் மாறுதலைக் கண்டு தக்க சமயத்தில் பழுதைத் தீர்த்துக்கொள்ள இயலும். பாக்குத் தோட்டத்திற்குத் தண்ணீர் தவறாமல் பாயவேண்டிய அந்த நாட்களில், அடுத்த ஊர் மெக்கானிக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை அவருக்கு நேராது.